தட்டுக்கு எதற்கு மாலை?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் அபார்ட்மென்ட்டை ஒட்டிய காலி மனையில் ஒரு டிராக்டர் திணறிக்கொண்டிருந்தது. எங்கள் பீர்க்கன்கரணை ஏரியாவே திரண்ட மாதிரி கூட்டம். சரி... எங்கள் பிளாக் மட்டும்தான்.

மனை அசோசியேஷனுடையது. பாதிப் பேருக்கு அங்கே கார் பார்க்கிங் வேண்டும். செயலாளர் ஸ்டெல்லா அக்காவுக்கோ கீரைத் தோட்டம். ஞாயிறு மாலைக்குள் உழுது முடித்தால் தோட்டம், இல்லாவிட்டால் திங்கட்கிழமை ஜல்லி கொட்டிப் பார்க்கிங் – மீட்டிங்கில் இப்படித்தான் முடிவு.

டிராக்டர்காரர் வேலு அண்ணன் கொண்டுவந்தது இறக்கைக் கலப்பை. மண்ணை வெட்டி அப்படியே புரட்டிப் போடுமே, அது. ஆனால் புரட்டினால்தானே? அருகம்புல்லும் கொடியும் பாயாகச் சுருண்டு கலப்பையை அடைத்துக்கொண்டன.

"இன்னா புல்லுக்கா இது, கயிறு மாதிரி கீது. பேஜாரா போச்சு" என்றார் வேலு அண்ணன்.

"அப்படியே ஜல்லி லாரிக்கும் சொல்லிடுங்கண்ணா" என்றார் பார்க்கிங் கோஷ்டி பாஸ்கர் சார்.

ஸ்டெல்லா அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ கலப்பை கம்பெனிலதானே இருக்கே? வேடிக்கை பாக்கறியே..."

வாஸ்தவம். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கலப்பைகளைப் பரிசோதிப்பதுதான் என் வேலை. கலப்பைக்கு முன்னால் கோல்டர் என்று ஒரு வட்டத் தட்டு உண்டு. பீட்சா கட்டர் மாதிரி உருண்டு, புல்லை அறுத்து வழிவிடும். அதற்கு என்னிடம் ஒரு லிஸ்ட் இருக்கிறது. ஒன்று, சுற்றுகிறதா? இரண்டு, விளிம்பு கூராக இருக்கிறதா? மூன்று...

மூன்று வரை போகவே வேண்டாம். என்ஜினை நிறுத்தச் சொல்லித் தட்டைத் தள்ளினேன். அசையவில்லை.

அச்சில் இறுகிய சேற்றைச் சுரண்டினால் – நைலான் நூல், ஜரிகை, காய்ந்த சாமந்தி.

"என்னண்ணா இது?" என்றேன்.

"ஆயுத பூஜை மாலை மேடம். கலப்பையிலயே இதான் வட்டமா அம்சமா கீது. அதான் இதுக்கே சாத்திட்டேன்."

"போன வருஷமா?"

"அதுக்கு முந்தின வருஷத்துதும் உள்ளாற இருக்கும்."

நூலை அறுத்தெடுத்தோம். கிரீஸ் வைத்தோம். விளிம்பை அரத்தால் தீட்டினோம். அடுத்தது ஆழம்.

"நல்லா இறக்கி வையி மேடம், நல்லா அறுக்கும்."

"உழற ஆழத்துல பாதி போதும்ணா. ரொம்ப இறக்கினா தட்டோட அச்சு தரையில முட்டிக்கும், கலப்பை இறங்காது."

தட்டை உழாத பக்கமாக ஒரு விரல் தள்ளி வைத்து போல்ட்டை முடுக்கினேன். அப்போதுதான் உழவுச் சாலின் ஓரம் சரியாமல் நிற்கும்.

டிராக்டர் நகர்ந்தது. தட்டு உருண்டது. பின்னால் மண் ஈரமாக, கருப்பாக, கேக் துண்டு போலப் புரண்டு புரண்டு விழுந்தது. யாரோ விசில் அடித்தார்கள். தேநீர் வேளைக்குள் மனை முழுக்க உழுதாயிற்று.

பாஸ்கர் சார் மெல்ல வந்தார். "ஓரமா ஒரு முருங்கைக்கு எடம் இருக்குமா?"

ஸ்டெல்லா அக்கா சந்தோஷம் தாங்காமல் ஒரு மாலையோடு வந்தார். வேலு அண்ணன் அதை வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில் நேராகத் தட்டிடம் போனார்.

"அண்ணா..."

நின்றார். சிரித்தார். டிராக்டரின் பானெட்டில் போட்டார்.

பிடித்ததற்கெல்லாம் மாலை போடுங்கள், தப்பே இல்லை... அது சுற்ற மட்டும் இடம் விடுங்கள்.