ஒரே வள்ளத்தில் இரண்டு வலைகள்

எம்.எஸ்சி. புள்ளியியலின் கடைசிப் பருவத்தில் ஆளுக்கொரு ப்ராஜெக்ட். வகுப்பில் ஒருத்தி துறைமுகத்துச் சரக்கை எடுத்தாள், இன்னொருத்தி உப்பளத்தை. நான் எடுத்தது நண்டு வலை. பழைய வலையைவிடப் புதுவகை வலையில் நண்டு கூடுதலாகப் படுகிறதா என்பது கேள்வி. விடைக்காகக் காத்திருந்தவர் அப்பா. அவர் மீன்பிடிக்கப் போகும் எங்கள் வள்ளத்துக்கு வலை மாற்றும் நேரம் அது. வலைக்கடை அண்ணாச்சி வேறு புது வலை வேணுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்பா எனக்காகவே இரண்டு வலையையும் சேர்த்துக் கட்டி, ஒரே இடத்தில் விரித்து, விடியலில் தனித்தனிக் கூடையில் கொண்டுவருவார். நான் கரையில் எடை நிறுத்து எழுதிக்கொள்வேன்.

அறிக்கையில் அப்படி எழுத மனசு வரவில்லை. ஒற்றை வள்ளம், அதுவும் அப்பா வள்ளம் என்றால் சிரிப்பார்களே என்று 'இரண்டு மீனவர் குழுக்கள்' என்று கௌரவமாகப் போட்டேன். இரண்டு குழு என்றால் அதற்குரிய டெஸ்ட்தானே? ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குழுக்களுக்கான இன்டிபென்டென்ட் டி டெஸ்ட் போட்டேன். வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல முடியாது என்று வந்தது. படித்த பிள்ளை சொல்கிறதே என்று அப்பா அண்ணாச்சியிடம் புது வலை வேண்டாம் என்றுவிட்டார்.

வழிகாட்டி மேடம் என் அட்டவணையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணுல குறைஞ்ச அன்னைக்கு இன்னொண்ணுலயும் குறைஞ்சிருக்கு. ரெண்டு குழுவுக்கும் எப்படிம்மா ஒண்ணுபோல?"

மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்து, இரண்டு வலையிலும் நண்டு படாத நாட்கள் அவை. இனி மழுப்ப முடியாது.

"ஒரே வள்ளம் மேடம். எங்க அப்பா வள்ளம்."

"அப்ப இது ஜோடி ஜோடியா பாக்குற பேர்டு டெஸ்ட்லா. ஒவ்வொரு நாளும் ரெண்டையும் கழிச்சு, அந்த வித்தியாசத்த எடு."

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கழித்துப் பார்த்தால் காற்றும் நீரோட்டமும் ஒதுங்கிக்கொண்டு, புது வலையில்தான் கூடுதல் என்று பளிச்சென்று வந்தது.

வீட்டில் அப்பா பழைய வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, புது வலையே வாங்குங்க. நாந்தான் தப்பான டெஸ்ட் போட்டுட்டேன். நம்ம வள்ளம்னு எழுத வெக்கப்பட்டு, வேற யாரோ ரெண்டு குழுன்னு எழுதிட்டேன்."

கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சிக்கெடுப்பதை நிறுத்திவிட்டுக் கவலையோடு கேட்டார்.

"ஏளா, நம்ம வள்ளம்னு போட்டா மார்க்க கொறைச்சிருவாவளோ? அப்படின்னா போடாத. வேற யாரு வள்ளம்னாச்சும் இருக்கட்டும்."