இருபத்திரண்டாம் வளைவில் சூடான பை

காலை 7.50. கொல்லிமலை ஏறும் பஸ் இருபத்திரண்டாம் கொண்டை ஊசி வளைவைத் திரும்பி முடித்திருந்தது. கம்பியைப் பிடித்தபடி குனிந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு கை. ஐந்து விரல்களையும் விரித்து என் பையின் மேல் பதிந்திருந்தது. காய்ச்சல் வந்தவரின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஐப்பசி மழை விடாத ஒரு வியாழக்கிழமை. நாமக்கல்லில் ஒரு மருத்துவ அறக்கட்டளையில் ஈ.சி.ஜி. எடுக்கும் வேலை எனக்கு. வாரம் ஒரு நாள் மலையில் அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போவேன். ஈ.சி.ஜி. கருவி சின்னது, அது லேப்டாப்பில் சொருகித்தான் வேலை செய்யும். அந்த மென்பொருளைத் திறக்க ஒவ்வொரு முறையும் இணையம் வேண்டும். கிராமத்தில் இணையம் கிடையாது. அதனால் அடிவாரத்தில், காரவல்லியில் பஸ் நிற்கும் பத்து நிமிடத்தில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதைத் திறந்து வைத்துவிட்டு, அப்படியே லேப்டாப்பை மூடிவிடுவேன். மூடியதும் அது முதலில் அரைத்தூக்கத்துக்குப் போகும். அரை மணி நேரம் யாரும் தொடாமல் இருந்தால், திறந்திருந்ததை எல்லாம் பத்திரப்படுத்திவிட்டு முழுத் தூக்கத்துக்குப் போகும். அதன்பின் பேட்டரி செலவாகாது. மேலே போய்த் திறந்தால் விட்ட இடத்தில் நிற்கும்.

நிற்கவில்லை. தொடர்ந்து இரண்டு வாரம், மேலே போய்த் திறந்தபோது பேட்டரி காலி. காற்றுக்கு மரம் விழுந்து ஊரில் கரண்டும் இல்லை. நடந்து வந்து காத்திருந்தவர்களின் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு திருப்பி அனுப்பினேன். அவர்களில் ஒருவருக்குப் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் தேதி குறித்திருந்தார்கள். ஈ.சி.ஜி. இல்லாமல் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள். தேதி தவறினால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. பெயர் என் நோட்டில் இருந்தது. முகம் நினைவில் இல்லை.

நாமக்கல்லில் பழுது பார்ப்பவரிடம் லேப்டாப்பை இரண்டு முறை கொடுத்தேன். முதல் முறை பேட்டரியை மாற்றினார். இரண்டாம் முறை, என் கண் முன்னாலேயே மூடி மேஜைமேல் வைத்தார். அரை மணி நேரத்தில் ஒழுங்காகத் தூங்கியது. மூன்று தடவை வைத்துப் பார்த்தார், மூன்று தடவையும் தூங்கியது. “குறை ஒண்ணும் இல்லீங்க” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த வியாழக்கிழமை டீக்கடையிலிருந்து திரும்பி வந்தபோது என் சீட்டில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். நான் ஒன்றும் சொல்வதற்குள் கையை நீட்டினார். “பையக் குடுங்க.” நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் பஸ்களில் வழக்கம். கொடுத்தேன்.

இருபத்திரண்டாம் வளைவில்தான் அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஏனுங்க, உள்ள காயாத மிளகு ஏதும் வெச்சிருக்கீங்களா? சூடு ஏறுது.”

“லேப்டாப்புங்க. மூடித்தான் வச்சிருக்கேன்.”

“மூடுனாப் போதுமுங்களா? நாங்களுந்தான் மிளகு மூட்டையைக் கட்டி வெக்கறோம். உள்ள ஈரமிருந்தா அது பாட்டுக்குப் புழுங்கிக்கிட்டே கெடக்கும்.”

கண்டக்டர் திரும்பினார். “அக்கா, நல்லாச் சூடானதும் சொல்லுங்க. டீ வெச்சுக்கலாம்.”

“உனக்கெதுக்குச் சாமி டீ? நீயே கொதிச்சுக்கிட்டுத்தான் நிக்கற” என்றார் அவர், பையிலிருந்து கையை எடுக்காமல்.

சூடென்றால் உள்ளே இயந்திரம் விழித்திருக்கிறது என்று அர்த்தம். பையை வாங்கப் போனேன். “இருங்க” என்றார். கண்ணை மூடிக்கொண்டார். அடுத்து ஒரு நேர் பாதை, பிறகு வளைவு, பிறகு இன்னொரு வளைவு. ஒவ்வொரு வளைவின் எண்ணும் சாலையோரப் பலகையில் இருக்கும். இருபத்தைந்து வந்தபோது கண்ணைத் திறந்தார்.

“நேரா போறப்ப அடங்கிருதுங்க. வளைவு வந்தா உள்ள முனக ஆரம்பிக்குது.”

நான் நம்பவில்லை. குனிந்து பையில் காதை வைத்தேன். இருபத்தாறு: மின்விசிறியின் மெல்லிய இரைச்சல் கேட்டது. அதன்பின் நீளமான ஒரு நேர் பாதை: கொஞ்ச நேரத்தில் இரைச்சல் நின்றது. இருபத்தேழு: மறுபடி கேட்டது.

அவர் விரலைப் பையின் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனார். “இந்த ஓரத்துல ஏதோ உருளுது பாருங்க. அது உருண்டா இது முழிச்சுக்குது.”

ஜிப்பைத் திறந்தேன். ஒயர் இல்லாத மவுஸ், மூன்று வாரம் முன்புதான் வாங்கியது. அதனுடன் பேசும் நகத்தளவுத் துண்டு லேப்டாப்பிலேயே சொருகியிருந்தது. மலைப்பாதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் மவுஸ் உருண்டிருக்கிறது. யாரோ வேலை செய்ய வந்துவிட்டார்கள் என்று லேப்டாப் ஒவ்வொரு முறையும் எழுந்திருக்கிறது. அரை மணி நேரம் அதற்கு நிறைவடையவே இல்லை. கடைக்கு நான் லேப்டாப்பை மட்டும் கொண்டுபோயிருந்தேன். மவுஸ் வீட்டில், பையில் கிடந்தது. அந்த மேஜையும் ஆடாத மேஜை.

மவுஸின் அடியில் இருந்த பொத்தானைத் தள்ளி அணைத்தேன். அவர் பையைத் திரும்ப மடியில் வைத்துக் கைகளை மேலே வைத்துக்கொண்டார். வளைவுகள் வந்துகொண்டிருந்தன. ஐம்பத்தொன்றாம் பலகை கடந்தபோது சொன்னார்: “இப்பத் தூங்கிருச்சுங்க.”

தொட்டுப் பார்த்தேன். பை சில்லென்று இருந்தது. லேப்டாப் என்ற பொருளை அவர் அதுவரை திறந்துகூடப் பார்த்ததில்லை.

எப்படி என்று கேட்டேன். “மூட்டைக்குள்ள கைய உட்டா, சூடு நடுவுல இருக்குதா ஓரத்துல இருக்குதான்னு பாப்போம். அதெ வெச்சுத்தான் ஈரம் எங்கன்னு தெரியும். வேற என்ன இருக்குதுங்க இதுல?” சற்று நிறுத்தினார். “இன்னிக்காச்சும் எனக்கு அந்தக் கோடு போடற படத்தை எடுத்துருவீங்களா?”

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“ரெண்டு வாரமும் பேரெழுதிக்கிட்டு அனுப்பிட்டீங்க. செவ்வாக்கெழமை ஆபரேசன். நேத்து மக ஊட்டுக்குப் போயிட்டு வாரேன். டீக்கடையில உங்களைப் பாத்ததும் ஏறி உங்க எடத்துலயே உக்காந்துக்கிட்டேன். பைய வாங்குனதே, இதுக்குள்ள அப்படி என்னதான் இருக்குதுன்னு பாக்கத்தான்.”

கண்டக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். “அட, அது என்னங்க பண்ணும், தூங்க உட்டாத்தானே” என்று லேப்டாப்புக்காகப் பரிந்து பேசினார்.

அன்றும் ஊரில் கரண்ட் இல்லை. சமுதாயக் கூடத்தின் ஜன்னலோரம் லேப்டாப்பைத் திறந்தேன். டீக்கடையில் விட்ட அதே திரை. பேட்டரியில் எண்பத்தொரு சதவீதம். முதலில் அவரைப் படுக்க வைத்தேன். கோடு ஓடத் தொடங்கியதும் அவர் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தார். அசையாமல் இருக்கச் சொன்னேன். காத்திருந்த எல்லோருக்கும் எடுத்து முடித்தபோதும் பேட்டரி மீதமிருந்தது.

அதற்குப் பிறகு, எந்தக் கருவி தகராறு செய்தாலும் அதைக் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன், அது தகராறு செய்த இடத்துக்கே கொண்டுபோய்க் கையில் வைத்துப் பார்க்கிறேன். பெயர் எழுதும்போது முகத்தையும் பார்க்கிறேன்.

அன்று மாலை திரும்பும் வழியில், மலைமேல் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் சிக்னல் கிடைத்ததும் அவருடைய ஈ.சி.ஜி.யை டாக்டருக்கு அனுப்பினேன். ஆபரேஷனுக்குத் தடையில்லை என்று பதில் வந்தது. ஊர் நர்ஸுக்குப் போன் செய்து சொன்னேன். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் அந்த அம்மா நாமக்கல்லுக்கு இறங்கினார்.