காம்பில்லாத டியூலிப் பூக்கள்

என் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், மற்றப் பாத்திரங்களோடு சேராமல், ஒரு சூப்புத் தட்டு தனியாக இருக்கிறது. வெள்ளைப் பீங்கான், விளிம்பில் ஒரு நீலக் கோடு, ஓரிடத்தில் நகக்கண் அளவுக்குப் பெயர்ந்திருக்கிறது. அது எங்களுடையது அல்ல. ஜெர்மனியில், எர்லாங்கன் என்ற ஊரில் நாங்கள் முதன்முதலாகக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருடையது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை கொடுத்தும் விட்டேன். இருந்தும் அது என்னிடம்தான் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன். ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்கே அது இன்னும் விளங்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஓர் அக்டோபர் மாதம் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். என் கணவர் எட்டு மாதம் முன்னதாகவே போய் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலையில் இருந்தார். வீடு தேடி அலைந்ததில் நான்கு இடங்களில் என் புடவையைப் பார்த்ததுமே வீடு போய்விட்டது என்றார்கள். ஐந்தாவது வீட்டுக்காரர் அப்படிச் சொல்லவில்லை. ரயில்வேயில் சிக்னல் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். எங்களை உட்காரவைத்து, கையால் எழுதிய ஒரு தாளை நீட்டினார். சனிக்கிழமை தோறும் மாடிப்படியைத் துடைக்க வேண்டும். மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை சத்தம் கூடாது. குழந்தை கூடாது. என் கணவர் கையெழுத்துப் போட்டார். எங்களுக்குத்தான் அப்போது குழந்தை இல்லையே, கையெழுத்துப் போட என்ன யோசனை?

நாங்கள் குடிபோன வாரமே அவர் தோட்டத்தில் ஏதோ நடுவதை மாடிச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அளவு குறித்த ஒரு பலகையை மண்ணில் வைத்து, ஒவ்வொரு குறிக்கும் நேராக ஒரு குழி தோண்டி, பழுப்புத் தோல் போர்த்திய உருண்டை ஒன்றை முனை மேலே பார்க்கும்படி உட்காரவைத்தார். ஒன்று சாய்ந்தாலும் எடுத்து மறுபடி வைத்தார். வெங்காயத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பனி கொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஐந்து மாதம் வெளியே ஒரு பூ இல்லை. அலமாரிக்குள் நான் வைத்திருந்த முருகன் படத்துக்கு வெறும் ஊதுவத்திதான். வெள்ளிக்கிழமைகளில் அந்தப் படத்தின் முன் நிற்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஏப்ரலில் அந்த வெங்காயங்களிலிருந்து டியூலிப் வந்தது. வாசல் கேட்டை ஒட்டிய பாத்தியில்தான் முதலில் மலர்ந்தது, நல்ல குங்குமச் சிவப்பு. அது ஒரு வெள்ளிக்கிழமை. விடிவதற்கு முன்பே குளித்துவிட்டுக் கீழே போய் ஆறு பூக்களைப் பறித்துக்கொண்டு வந்தேன். எங்கள் திருநெல்வேலித் தெருவில் விடியற்காலையில் பூப்பறிப்பதை யாரும் திருட்டு என்று நினைப்பதில்லை. அடுத்த வீட்டுச் செம்பருத்தியைச் சாமிக்கென்று பறித்தால் அந்த வீட்டுக்காரிக்கும் அந்தப் புண்ணியத்தில் பங்கு. பறிக்காமல் செடியிலேயே வாடவிடுவதுதான் பாவம். பறிக்கப் பறிக்க மேலும் மொட்டு விடும் என்றும் நம்பியிருந்தேன். ஒரு கிழங்குக்கு வருடத்தில் ஒரே ஒரு பூ என்ற விவரம் எனக்கு யார் சொல்லி வைத்திருந்தார்கள்? காம்பு சாமிக்கு வேண்டியதில்லை. தலையை மட்டும் கிள்ளிக்கொண்டு, காம்பையும் இலையையும் அப்படியே விட்டுவிட்டு வந்தேன். சமையலறைச் சூட்டில் அந்தப் பூக்கள் வாயை அகல விரித்துக்கொண்டு முருகன் முன் கிடந்தன. மாதக் கணக்கில் இல்லாத நிம்மதி அன்று எனக்கு இருந்தது.

மறுநாள் காலை மாடிப்படி துடைக்க வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வீட்டுக்காரர் கேட்டின் அருகே அந்தப் பாத்தியின் முன் குனிந்து நின்றார். தலையில்லாத ஆறு காம்புகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு கத்தியை எடுத்து, அந்தப் பாத்தியில் மீதியிருந்த பூக்கள் அத்தனையின் தலைகளையும் வெட்டத் தொடங்கினார். ஒன்றுகூட வாடியிருக்கவில்லை. முப்பது, நாற்பது பூக்கள் இருக்கும். எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்திருந்த ஒரு வாளியில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். மேலே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

என் கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார்.

"கேட்காம எதுக்குப் பறிச்சே? இங்க எல்லாத்துக்கும் ஒரு ரூல் இருக்கு."

"பூப்பறிக்கிறதுக்குமா ரூல்? சாமிக்குத்தானே பறிச்சேன். கீழே போய் சாரி சொல்லிடவா?"

"சொன்னா நாமதான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஏற்கெனவே ஒரு மேட்டரை மறைச்சு வச்சிருக்கோம். நோட்டீஸ் குடுத்துட்டார்னா இந்த நிலைமையில உன்னைக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?"

அந்த மேட்டர் என் வயிற்றில் நான்கு மாதமாக இருந்தது. வெளியே போகும்போதெல்லாம் கனமான கோட்டைப் போட்டு மறைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனிக் குடியிருப்புக்கு மனுப் போட்டிருந்தோம். இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். செப்டம்பரில் குழந்தை பிறக்கும். அதற்குள் இந்த வீட்டைவிட்டு அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எங்கள் இருவருக்கும் ஒரே கவலை. அந்த வாரம் முழுவதும் கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே செய்கிற வேலையை விட்டுவிட்டு எங்கள் கதவருகே போய் நின்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை எங்கள் கதவுக்கு வெளியே, மேல்படியில், இந்தத் தட்டு இருந்தது. அதில் ஆறு டியூலிப் பூக்கள். மஞ்சள் நிறம், வேறு பாத்தியில் பூத்தவை. ஒன்றிலும் காம்பு இல்லை.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? கிண்டல் என்றார் என் கணவர். நீ திருடினது எனக்குத் தெரியும் என்று அழகாகச் சொல்லிக் காட்டுகிறாராம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோபக்காரர் பூவை இவ்வளவு பதமாகத் தட்டில் அடுக்குவாரா? ஆனால் முந்தின வாரம் அவர் கத்தியோடு நின்ற கோலமும் கண்ணைவிட்டுப் போகவில்லை. அந்தப் பூவைச் சாமிக்கு வைக்கலாமா கூடாதா என்று அரைமணி நேரம் நின்றேன். கடைசியில் வைத்தேன். அதற்குப் பிறகு தட்டு ஒரு பிரச்சினையாகிவிட்டது. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். ரவை இருந்தது, வெண்ணெய் காய்ச்சிய நெய் இருந்தது. கலர்ப்பொடி இல்லாததால் வெள்ளை வெளேரென்று ஒரு கேசரி கிண்டி, தட்டில் வைத்து, அவர் கதவின் முன் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தட்டு கழுவித் துடைத்து, பூவோடு திரும்பி வந்தது. மறுபடி கேசரி. மறுபடி பூ. மே மாதக் கடைசியில் தோட்டத்தில் பூ தீரும்வரை இப்படியே நடந்தது. இடையில் அவரை வாசலில் பார்த்தால் எப்போதும்போல "க்ரூஸ் கோட்" என்பார். கடவுள் உங்களை வாழ்த்தட்டும் என்று பொருளாம். தட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கேசரியைச் சாப்பிடுகிறாரா என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று, அவர் கடைக்குப் போன நேரம் பார்த்துத் தோட்டத்து எருக்குழியை ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தேன். காய்ந்த இலையும் முட்டை ஓடும்தான் இருந்தன. அதிலும் எனக்கு நிச்சயம் வரவில்லை. பறவைகள் தின்றிருக்கலாம் அல்லவா?

ஜூலை மாதத் தொடக்கத்தில் கடைசியாகத் தட்டு வந்தது. அந்த முறை படியில் வைக்கவில்லை. கதவைத் தட்டி அவரே கையில் கொடுத்தார். அந்தச் சமயம் நான் கோட்டுப் போட்டிருக்கவில்லை. அவர் பார்வை என் வயிற்றில் ஒரு கணம் நின்று விலகியது. தட்டில் பழுப்புத் தோலோடு பத்துப் பன்னிரண்டு டியூலிப் கிழங்குகள், அடியில் மடித்து வைத்த ஒரு கடிதம். கேட்டருகே இருந்த பாத்தியைக் காட்டி, அதிலிருந்து எடுத்தவை என்று சைகை செய்தார். நன்றாகக் கொழுத்த கிழங்குகள். எனக்கு ஜெர்மன் படிக்கத் தெரியாது. கடிதத்தில் நடும் முறையை எழுதியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு, பகல் முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். மாலையில் என் கணவர் அதை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். மாடி தனக்கு வேண்டியிருப்பதாகவும், மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, கிழங்குகளை அக்டோபரில் நட வேண்டும், முனை மேலே இருக்க வேண்டும், அதுவரை ஈரம் படாமல் வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஒரே தாளில், ஒரே கையெழுத்தில்.

அன்று நான் அழுத அழுகையில் கோபம் பாதி, அவமானம் பாதி. என் கேசரியை எல்லாம் தின்றுவிட்டு இப்படிச் செய்துவிட்டாரே என்று திட்டினேன். தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வெறுமையாகக் கொடுக்க மனம் வரவில்லை, எதையாவது வைத்துக் கொடுக்கவும் மனம் வரவில்லை. ஆகஸ்டில் சாமான் கட்டியபோது அது எங்கள் பெட்டிக்குள் போய்விட்டது.

ஆகஸ்டிலேயே எப்படிக் கிளம்பினோம் என்று கேட்பீர்கள். என் கணவர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கம்பெனியின் குடியிருப்பு அலுவலகத்துக்குப் போய் முறையிட்டிருக்கிறார். அவர்கள் கடிதத்தை ஃபைலில் வைத்துக்கொண்டு, ஐந்தே வாரத்தில் மூன்று அறை உள்ள வீடு கொடுத்துவிட்டார்கள். வெந்நீர்க் குழாய், ஒவ்வொரு அறைக்கும் சூடு, பால்கனி. என் கணவரோடு வேலை பார்த்த ஜெர்மன்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வந்தபோதுதான் சொன்னார்.

"பிறக்கப் போகிற குழந்தையும் காலி செய்யச் சொல்லும் கடிதமும் சேர்ந்தால்தான் பட்டியலில் மேலே வர முடியும். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் நீங்கள் இன்னும் காத்துக்கொண்டுதான் இருப்பீர்கள். உங்கள் கிழவருக்கு இது தெரிந்திருக்கும்."

"தெரிஞ்சாவது மண்ணாவது," என்றார் என் கணவர், அவர் போனதும். "குழந்தை கூடாதுன்னு ரூல். உன் வயித்தைப் பார்த்தாரு, லெட்டரைக் குடுத்தாரு. அவ்வளவுதான்."

இருக்கலாம். ஆனால் வயிற்றைப் பார்ப்பதற்கு முன்பே கடிதம் தட்டில் இருந்ததே? அடுத்த இரண்டு வருடங்களில் அந்தத் தெரு வழியே குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போகும்போதெல்லாம் பார்த்தேன். மாடி ஜன்னல்களின் மரத்திரை இறங்கியே கிடந்தது. வேண்டும் என்று எழுதினாரே, யாருக்கு வேண்டியிருந்தது? பூ விற்கிற கடைக்காரி ஒருத்தி, டியூலிப் வாடியதும் தலையைக் கிள்ளிவிட வேண்டும், விதைக்குப் போகிற சத்து கிழங்கில் சேரும் என்று சொல்லிக் கொடுத்தாள். வாடாத பூவையும் வெட்டுவார்களா என்று கேட்டேன். கிழங்கு பெருக்க வேண்டுமென்றால் வெட்டுவார்கள் என்றாள். அப்படியென்றால் அந்த ஏப்ரல் சனிக்கிழமை அவர் வெட்டியது கோபத்தில் அல்ல, எனக்குக் கிழங்கு கொடுப்பதற்காகவா? அப்போதே எங்களை அனுப்புவதென்று முடிவு செய்துவிட்டாரா? யோசிக்க யோசிக்க எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். அந்தக் கிழங்குகள் எங்கள் பால்கனித் தொட்டியில் ஒன்றுவிடாமல் பூத்தன.

எழுபதுகளின் நடுவில், மகன் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு வந்த ஏப்ரலில், ஒரு முடிவோடு கேசரி கிண்டினேன். இந்த முறை கலர்ப்பொடி இருந்தது. நீலக் கோட்டுத் தட்டில் அதை வைத்து மூடி, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். அதற்குள் எனக்கு ஜெர்மன் ஓரளவு வந்துவிட்டது. எங்களை ஏன் காலி செய்யச் சொன்னீர்கள் என்ற ஒரே வாக்கியத்தை நான்கு நாட்களாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

கதவைத் திறந்தவர் மெலிந்திருந்தார். தட்டைத்தான் முதலில் பார்த்தார், பிறகு பையனை.

"வயது என்ன?" என்று கேட்டார்.

"ஆறரை," என்றான் மகன்.

தலையை ஆட்டினார். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை. நாங்கள் படியிலேயே நின்றோம்.

"அம்மா, அவருக்குக் கோவமா?"

"தெரியலடா."

"அப்ப ஏன் நிக்கிறோம்?"

திரும்பிப் போய்விடலாமா என்று நான் நினைத்தபோது கதவு திறந்தது. தட்டைக் கழுவியிருந்தார், ஈரம்கூடக் காயவில்லை. அதில் ஆறு சிவப்பு டியூலிப், காம்பில்லாமல்.

"இன்று வெள்ளிக்கிழமை அல்லவா?" என்றார்.

நான்கு நாள் மனப்பாடம் செய்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட என் வாயில் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அவர் "க்ரூஸ் கோட்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். கேட்டைத் திறக்கும்போது பாத்தியைப் பார்த்தேன். எல்லாப் பூக்களும் நின்றன. கேட்டை ஒட்டிய ஓரத்தில் மட்டும் தலையில்லாத ஆறு காம்புகள். முதல் வெள்ளிக்கிழமை நான் கிள்ளிய அதே இடம்.

அடுத்த ஏப்ரலில் மறுபடி தட்டை எடுத்துக்கொண்டு போனேன். கதவில் வேறு பெயர் இருந்தது. குளிர்காலத்தில் இறந்துவிட்டார் என்று அடுத்த வீட்டம்மாள் சொன்னார். கேசரியோடு வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

இப்போது எங்களுக்குச் சொந்தத் தோட்டம் இருக்கிறது. அந்தக் கிழங்குகளின் வழிவந்தவை கேட்டருகே பூத்திருக்கின்றன. என் கணவர் இன்றைக்கும் "அந்த ஆளுக்கு ரூல்னா ரூல்" என்றுதான் சொல்வார். நானும் சில நாள் அப்படித்தான் நினைக்கிறேன். சில நாள் அப்படி நினைத்ததற்காக என்மேலேயே கோபப்படுகிறேன். இன்று காலை அந்தத் தட்டை மேலிருந்து இறக்கி, ஆறு பூக்களைக் கிள்ளி அதில் வைத்தேன். வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எனக்கு அப்போதும் தெரியும். அவருக்கு அதில் மன்னிப்பை வைத்துக் கொடுத்திருக்க வேண்டுமா, நன்றியை வைத்துக் கொடுத்திருக்க வேண்டுமா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.