பின் சீட்டில் வந்த புழுக்கள்

காரை எனக்கு விற்றவர் என்ஜினைப் பற்றி அதிகம் பேசவில்லை. சீட்டைப் பற்றித்தான் விடாமல் பேசினார். முன் சீட்டு இரண்டும் அசல் தோல், பின் சீட்டு ரெக்சின், இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்த்தால் இரண்டுமே கெட்டுவிடும் என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. தோல் க்ரீமைக் குடிக்கும். ரெக்சின் எதையும் குடிக்காது; எதைத் தடவினாலும் மேலேயே பிசுபிசுவென்று நின்று, ரோட்டுப் புழுதியை எல்லாம் இழுத்து ஒட்டிக்கொள்ளும். அவர் பேச்சை மதிக்காமல், பளபளப்பு வேண்டுமென்று பின் சீட்டில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்தேன். கல்யாணத்துக்குக் கிளம்பிய என் மனைவியின் பட்டுப்புடவை அதில் உட்கார்ந்து எழுந்ததும் எனக்குப் புத்தி வந்தது.

வந்த புத்தி அளவோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் காருக்குள் புகுந்துகொள்வேன். தோலுக்கு க்ரீம், ரெக்சினுக்கு சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, தையல் இடுக்குக்குப் பழைய பல் பிரஷ். வெயிலில் நிறுத்தினால் கண்ணாடிக்கு உள்பக்கம் துண்டு கட்டுவேன். வண்டிக்குள் யாராவது முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் எந்த மருந்து கொடுப்பது என்று எனக்குத் தெரியாது, சீட்டுக்கு மட்டும் எல்லாம் தெரியும் என்று மனைவி குத்திக்காட்டுவாள். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

என் அக்காவை இண்டூர் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாமா தக்காளி போடுகிறவர். விலை ஏறினால் சிரிப்பார், இறங்கினால் வீட்டில் யாருடனும் பேசமாட்டார். அவரோடு பல வருஷம் மல்லுக்கட்டி, கிணற்றோரம் ஒரு துண்டு நிலத்தை வாங்கி அக்கா மல்பெரி நட்டாள். பக்கத்திலேயே பட்டுப்புழு வளர்க்க ஒரு கொட்டகையும் போட்டாள். அந்த வீட்டில் அவள் பேச்சுப்படி நடந்த ஒரே காரியம் அதுதான். ஆரம்பத்தில் பட்டுக்கூடு சுமாராகத்தான் வந்தது. "இன்னொரு வாட்டி பாக்கறன். அதுவும் தேறலன்னா செடியப் புடுங்கிட்டு தக்காளி நட்டுருவன்" என்று மாமா முடிவாகச் சொல்லிவிட்டார். அந்த இன்னொரு தடவைக்குத்தான் என் கார் போனது.

புழு வளர்க்கிற வீட்டின் கெடுபிடி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பவுடர் பூசிக்கொண்டு கொட்டகைக்குள் போக முடியாது. புகையிலை போட்ட வாயோடு போக முடியாது. வாசலில் பிளீச்சிங் தண்ணீரில் கால் நனைத்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். புழுவுக்கு எறும்பு ஆகாது. அதனால் தட்டு அடுக்கிய ஸ்டாண்டின் ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்தியிருப்பார்கள். எறும்பு மருந்து அதைவிட ஆகாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் செருப்பை எங்கோ விட்டுவிட்டு, சென்ட் அடித்த சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பனியனோடு உள்ளே போய்ப் பார்த்தவன்தான் நான்.

அந்தச் சமயத்தில் என் காருக்கு எறும்பு வந்திருந்தது. பின் சீட்டின் மடிப்பில் என் மகள் கடலை மிட்டாயை நொறுக்கிப் போட்டிருந்தாள். ஸ்ப்ரே அடித்தால் ரெக்சினில் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும் என்று, எறும்பு மருந்து சாக்பீஸ் வாங்கி மடிப்பு நெடுக, தையல் நெடுகக் கோடு போட்டேன். எறும்பு போய்விட்டது. வெள்ளைக்கோடு கண்ணை உறுத்தியது. ஈரத்துணியால் ஒரு துடை. மேலே இருந்தது போய், சீட்டு கறுகறுவென்று புதுசாகத் தெரிந்தது. தூள் தையலுக்குள் இறங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சீட்டு அழகாக இருந்தது, அது போதுமாக இருந்தது.

இளம்புழுக்களை ஒரு வளர்ப்பு மையத்தில் வைத்து இரண்டு முறை தோல் உரிக்கும்வரை பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் விவசாயிகளிடம் கொடுப்பார்கள். வழக்கமாகக் கொண்டுவருகிற வேன் அன்றைக்குப் பழுதாகிவிட்டது. அக்கா போன் செய்து கேட்டாள். நான் சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டேன். வெயில் ஏறுவதற்குள் மையத்துக்குப் போய்விட்டோம். புழு இருந்த தட்டுகளை அவள் குழந்தையைத் தூக்குவதுபோல் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். காற்றுப் போவதற்காக அடியில் துளைகள் உள்ள தட்டுகள் அவை. வீட்டிலிருந்தே அவள் ஒரு கோணியை நனைத்துப் பிழிந்து எடுத்து வந்திருந்தாள்.

"கோணிய விரிச்சு அது மேல வெக்கலாம்டா. குளுமையா இருக்கும்" என்றாள்.

"ஈரக்கோணி வேணாங்க்கா. ரெக்சினு கீறிடும், நாத்தம் வேற புடிச்சிக்கும். நேத்துதான் சுத்தமாத் தொடச்சிருக்கன், அப்படியே வெய்யி" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கார் கொடுத்து உதவுகிற தம்பியிடம் மேலே பேச அவளுக்குச் சங்கடம். கோணியை மடித்துத் தன் காலடியில் போட்டுக்கொண்டு, தட்டுகளைச் சீட்டின்மேலேயே வைத்தாள். கொட்டகையில் இறக்கிவிட்டு நான் ஆபீசுக்குப் போய்விட்டேன். போகிற வழியில் மறக்காமல் வண்டியை ஓரம் கட்டி, பின் சீட்டில் தழைக்கறை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன்.

மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது. அழவில்லை. "சீட்டுல என்னடா போட்ட?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

ஆபீசில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி ஓடினேன். கொட்டகைக்குள் நான் பார்த்ததை மறக்க முடியவில்லை. புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டி, வாயால் பச்சை நிறத்தில் தண்ணீராகக் கக்கிக்கொண்டு, சுருண்டு சுருண்டு விழுந்தன. போட்ட தழை போட்டபடி கிடந்தது. சில தட்டுகளில் அசைவே இல்லை. மாமா வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். மருந்து பட்டால்தான் இப்படிச் சாகும் என்று அவருக்கும் தெரியும். எப்படிப் பட்டது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "எம்மேலதாங்க தப்பு. மருந்தடிச்ச தக்காளிக் காட்டுக்குப் போயிட்டு, கை கழுவாம வந்து தழை போட்டுட்டன்."

மாமா என்னைப் பார்த்து, "கேட்டியா மாப்ள, உங்கக்கா பொழப்ப? இவளுக்கு எதுக்குப் புழு?" என்றார். நான் நின்றேன். தொண்டைவரை வந்த வார்த்தையை அக்காவின் பார்வை அங்கேயே நிறுத்தியது. அவள் பார்வைமேல் பழி போடுகிறேனே, அதுவும் சரியில்லை. பேச வேண்டும் என்றால் பேசியிருக்கலாம். எனக்கும் அந்த நேரத்தில் அது வசதியாக இருந்தது.

மாமா போனபிறகு கொட்டகைக்குப் பின்னால் அவளைப் பிடித்துக்கொண்டேன். "நான் மாமாகிட்ட சொல்லிர்றன்க்கா."

"சொல்லாத" என்றாள். "நீன்னு தெரிஞ்சா, உங்க வூட்டு ஆளுங்க வந்துதான் என் குடியக் கெடுத்தாங்கன்னு ஆயுசுக்கும் பேசுவாரு. நான்னா நாலு நாளு கத்துவாரு, அடங்கிருவாரு. புழுதான் போச்சு. எம் பொறந்த வூடாச்சும் எனக்கு இருக்கட்டும்."

அவள் கணக்கு தப்பிப்போனது. மாமா கத்தி அடங்கவில்லை, டிராக்டரைக் கூப்பிட்டார். மல்பெரி வேர் லேசில் வராது. மண்ணைப் பிளந்துகொண்டு ஒவ்வொரு தூறாக வெளியே வந்து விழுவதை அக்கா கிணற்று மேட்டில் நின்று பார்த்தாள் என்று அவள் மகள் போனில் சொன்னாள். நான் அன்றைக்குப் போகவில்லை. வேலை என்று சொன்னேன். வேலை ஒன்றும் இல்லை. இப்போது அந்தத் துண்டில் தக்காளி நிற்கிறது. கொட்டகையில் தக்காளிக் கூடைகள் கிடக்கின்றன. பண்டிகைக்குப் போனால் மாமா என்னை உட்காரவைத்து உபசரித்து, தன் மனைவிக்குப் புழு வளர்க்கத் துப்பில்லாமல் போன கதையை என்னிடமே சொல்லிச் சிரிக்கிறார். அக்கா எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள்.

சீட்டுக் கடையில் கொடுத்துப் பின் சீட்டை முழுசாகக் கழற்ற வைத்தேன். தையலைப் பிரித்தபோது மடிப்புக்குள் வெள்ளையாகத் தூள் இருந்தது. பழைய ரெக்சினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது தைத்தார்கள். வண்டிக்குள் எதைப் பார்த்தாலும் கழுவினேன்.

போன மாதம் இண்டூர் பஸ் ஸ்டாப்பில் அக்கா நின்றிருந்தாள். பக்கத்து ஊரில் ஒரு பெரிய புழுக்கொட்டகைக்குக் கூலிக்குப் போகிறாளாம், தழை போட. எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் சொல்லவேண்டாம் என்று நினைத்திருப்பாள். ஏறச் சொன்னேன். ஏறினாள். பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள், அம்மாவின் முட்டி வலியைப் பற்றிக் கேட்டாள். சீட்டு முழுக்கப் புதுசாக மாற்றியதைச் சொன்னேன். "நல்லாருக்குடா" என்றாள்.

அந்தக் கொட்டகையின் மல்பெரித் தோட்டம் ஆரம்பிக்கிற திருப்பத்துக்கு வெகு முன்னாலேயே, "இங்கியே நிறுத்து" என்றாள்.

"கொட்டாய் வரைக்கும் வுடறன்க்கா. வெயிலு."

"வேணாம்டா. அது அவங்க புழு."

கோபமே இல்லாமல் சொன்னாள். இறங்கி, முந்தானையை உதறினாள். ரோட்டோரக் குழாயைத் திறந்து, கை, கால், கழுத்து, நாங்கள் பேசிக்கொண்டு வந்த நேரமெல்லாம் சீட்டில் சாய்ந்திருந்த முதுகுவரை தண்ணீர் விட்டுக் கழுவினாள். மாமா பழி சொன்னபோதெல்லாம் என்னைக் காட்டிக்கொடுக்காத அக்காதான். புழுவிடம் போகும்போது மட்டும் அவளால் என்னை நம்ப முடியவில்லை.