மார்க்கண்டரின் நாலாவது சுற்று

எங்கள் குடாநாட்டில் மலை கிடையாது. இருப்பதில் உயரமானவை மணற்காட்டு மணற்குன்றுகள்தான். அவற்றில் ஏறி இறங்கிவிட்டாலே மலை ஏறி வந்தவர்கள் மாதிரி ஒரு கிழமைக்குக் கதைப்போம். அந்தக் குன்றுகளையும் பக்கத்துச் சவுக்கங்காட்டையும் சேர்த்து ஒரு சுற்று வந்தால் ஐந்து கிலோமீற்றர். அந்த ஒரு சுற்றை முடிக்க மார்க்கண்டருக்கு நாலு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. கால் நன்றாகத்தான் இருந்தது, நெஞ்சும் பரவாயில்லை. சனம்தான் விடவில்லை.

மார்க்கண்டர் பருத்தித்துறைக்காரர். பதினாறு வயதில் கடலுக்கு இறங்கியவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு. போன மாரியில் படகுக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். கூடத் தொழில் செய்யும் மச்சான் சுதாகரன் வலையை அப்படியே விட்டுவிட்டு எஞ்சினை முறுக்கி ஆளைக் கரை சேர்த்தான். டொக்டர்மார் நெஞ்சுக் குழாய்க்குள் ஒரு கம்பிச்சுருளை வைத்து எழுப்பிவிட்டார்கள். பிறகு ஆறு மாதம் கரையில்தான் இருந்தார். கரையில் இருக்கும் மார்க்கண்டரைப் போல ஒரு தொல்லை உலகத்தில் இல்லை. என் கடை வாசலில் வந்து நின்றுகொண்டு, பருப்பு வாங்க வருகிற சனத்துக்கெல்லாம் இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

கடலுக்குப் போகலாமா என்று கிளினிக்கில் கேட்டிருக்கிறார்.

“அஞ்சு கிலோமீற்றர் எங்கையும் நிக்காமல் நடந்து பாருங்கோ. நெஞ்சு ஒண்டும் செய்யேல்லை எண்டால் போகலாம்” என்றாராம் டொக்டர்.

சுதாகரன் அதைப் பிடித்துக்கொண்டான். “அத்தான், மணற்காட்டை நிக்காமல் ஒரு சுத்துச் சுத்துங்கோ. அண்டைக்கே படகிலை உங்கடை இடம் உங்களுக்கு.”

மார்க்கண்டரின் மனைவி செல்வநாயகி இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். கருவாட்டு வியாபாரம் செய்கிறாள், மணற்காட்டில் அவள் கால் வைக்காத வீடு இல்லை. சந்தையில் அவளோடு வாய் கொடுத்து வென்றவர்களை நான் கண்டதில்லை. அப்படிப்பட்டவள் வாய் திறக்காமல் இருந்ததை அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

முதல் ஞாயிறு காலை, மணலில் பாதி புதைந்து கிடக்கிற பழைய அந்தோனியார் கோவிலடியில் சுதாகரன் அவரை இறக்கிவிட்டான். சவுக்கங்காட்டுக்குள் காற்று இரைவது கடல் இரைவது போலவே இருக்கும். அதைக் கேட்டதுமே மனிதர் உசாராகிவிட்டார். காட்டைக் கடந்து, குன்றேறி இறங்கி, ஊர் ரோட்டுக்கு வந்தபோது மணற்காட்டுக் கனிசியஸ் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினான்.

“ஏறுங்கோ மார்க்கண்டண்ணை.”

“இல்லைத் தம்பி, நான் நடக்கிறன்.”

“ஏன் அண்ணை, எங்களோடை ஏதும் கோவமோ?”

இந்தக் கேள்விக்குப் பிறகு ஏறாமல் நிற்க எங்கள் ஆட்களால் முடியாது. ஏறிவிட்டார். ஆனால் நேர்மையான மனிதர், சுதாகரனிடம் தானே சொல்லித் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இரண்டாம் ஞாயிறு அதே ரோட்டில் குடியிருக்கிற லவீனா தன் படலையில் நின்றாள். “வாசலுக்கு வந்திட்டு வாய் நனைக்காமல் போறதோ அண்ணை?” தேத்தண்ணி வந்தது, பனங்கட்டி வந்தது, பிறகு பொரித்த மீனும் வந்தது. ஒரு மணித்தியாலம் அங்கேயே போய்விட்டது.

மூன்றாம் ஞாயிறு ரோட்டையே தவிர்த்து, கடற்கரையால் வருவதாகத் திட்டம் போட்டார். அன்று காட்டுக்குள் கால் வைத்ததுமே, விறகு பொறுக்கிக்கொண்டிருந்த பிலிப்பு நிமிர்ந்து, “எங்கை அண்ணை போறியள்?” என்று கேட்டுவிட்டான். ஒரு காரியமாகப் புறப்பட்டவனை எங்கே போகிறாய் என்று கேட்டால் அந்தக் காரியம் உருப்படாது. எங்கள் கரையில் அப்படிக் கேட்டால் வள்ளத்தைத் திருப்பி இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள். பிலிப்பும் கடல் தொழில் செய்கிறவன், அவனுக்கு இது தெரியாதா? மார்க்கண்டர் அப்படியே திரும்பி வந்துவிட்டார்.

நாலாம் ஞாயிறு என் கடை பூட்டு. வேடிக்கை பார்க்க நானும் போனேன். மார்க்கண்டர் காவி வேட்டி கட்டி, வெறும் மேலோடு, நெற்றியிலும் நெஞ்சிலும் திருநீறு பூசி, “முருகா, முருகா” என்றபடி காட்டுக்குள் இறங்கினார். நேர்த்திக்கடனுக்கு நடப்பவனை யாரும் மறிக்கமாட்டார்கள், எங்கே என்று கேட்கவும் மாட்டார்கள். மணற்காட்டுச் சனம் அந்தோனியாரைக் கும்பிடுகிற வேதக்காரர்தான், ஆனாலும் நேர்த்தி என்றால் அவர்களுக்கும் நேர்த்திதான். கனிசியஸ் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி வழி விட்டானாம். லவீனா கேத்திலோடு படலையில் நின்றபடியே நின்றாளாம்.

நானும் சுதாகரனும் கோவிலடி நிழலில் காத்திருந்தோம். ஒரு மணித்தியாலம் கழிந்திருக்கும், ஒரு ஓட்டோ வந்து நின்றது. செல்வநாயகி இறங்கினாள். “லவீனா போன் எடுத்தவள். நேர்த்தியோடை போறார், மறிக்கேலாது எண்டாள்” என்றாள். மறிப்பதா? நானும் சுதாகரனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கடற்கரைப் பக்கத்தால் மார்க்கண்டர் வந்தார். மூச்சு வாங்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. மனைவியைக் கண்டதும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

“என்ன நேர்த்தி?” என்று கேட்டாள் செல்வநாயகி.

“சுத்தி முடிச்சால் சந்நிதி முருகன் கோயிலிலை அன்னதானத்துக்கு ஒரு மூட்டை அரிசி. பொய்யில்லையப்பா, உண்மையாத்தான் வைச்சனான்.”

அவள் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். “கனிசியஸ் ஏத்தினதும் நான் சொல்லித்தான். லவீனான்ரை தேத்தண்ணியும் நான் சொல்லித்தான். பிலிப்பைக் கேக்க வைச்சதும் நான்தான்.”

மார்க்கண்டருக்கு முகம் சிவந்தது. வாயைத் திறப்பதற்குள் சுதாகரன் சிரித்துவிட்டான். “அக்கா, அத்தானை மறிக்கிறதெண்டால் சந்நிதியானுக்கு ஒரு நேர்த்தி வைச்சிருக்கலாமே! உவையளிட்டை ஏன் போனனீங்கள்?”

“அவரிட்டைக் கேக்கேலாது” என்றாள் செல்வநாயகி. “அண்டைக்கு ஆசுப்பத்திரி வாசலிலை நிண்டு, இந்த மனுசனை உயிரோடை தா, இனிச் சாகுமட்டும் உன்னட்டை வேறை ஒண்டும் கேக்கமாட்டன் எண்டு நேர்ந்திட்டன். தந்திட்டார். பிறகு கடலுக்கும் விடாதை எண்டு எந்த முகத்தோடை கேக்கிறது? அதுதான் சனத்திட்டைக் கேட்டனான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மார்க்கண்டரின் கோபம் போன இடம் தெரியவில்லை. திருநீறு வியர்வையில் கரைந்து ஓட, அவள் பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார்.

“கரையிலை நிக்கிற வெளிச்சவீடு தெரியிற தூரத்துக்கு அங்காலை போகமாட்டன்” என்றார். “இது நேர்த்தியில்லை. உனக்குச் சொல்லுறன்.”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அரிசி நல்ல அரிசியா வாங்குங்கோ” என்றாள்.

இப்போது அவர் தொழிலுக்குப் போகிறார். படகு திரும்புகிற நேரத்துக்குச் செல்வநாயகி வெளிச்சவீட்டடிக்கு நடப்பாள். என் கடையைக் கடந்துதான் போக வேண்டும். நான் சிரிப்பேன், அவளும் சிரிப்பாள். எங்கே போகிறாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.