மாலை போட்டதும் மாத்திரையை நிறுத்தினேன்

முருகனின் பிள்ளைகளே, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

வில்பட்டியில் காய்கறி விவசாயம் செய்கிறேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் எங்கள் குழுவுக்கு நான்தான் குருசாமி. சென்ற வருடம் ஐப்பசியில் வெளியூர் ஆஸ்பத்திரியில் எனக்கு டிபி என்று சொல்லி, ஆறு மாதத்துக்கு மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள். மனைவி செல்வியைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் என் கையால் யார் மாலை போட்டுக்கொள்வார்கள்? மார்கழியில் இருமல் நின்றிருந்தது. மாலை போட்டதும் மாத்திரையை நிறுத்தினேன். செல்வி கெஞ்சினாள்.

"முருகனவிட ஒன் டாக்டரு பெருசா?" என்று அவள் வாயை அடைத்தேன். விரதம் இருப்பவனுக்கு மருந்து எதற்கு என்று குழுவிலும் பெருமையாகப் பேசினேன்.

ஆடியில் காய்ச்சல் விடவே இல்லை. உடம்பு பாதியாகிவிட்டது. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மோனோசைட் கூடியிருந்தது. நோயோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களில் அது ஒரு வகையாம். செல்போனில் தேடினேன். ரத்தப் புற்றுநோய் என்ற வார்த்தை மட்டும்தான் கண்ணில் பட்டது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "இது கூடுறதுக்குக் காரணம் நெறைய இருக்குங்க. காய்ச்சல் வந்து தேறும்போதும் கூடும். நாள்பட்ட கிருமியாலயும் கூடும். குடல்ல, மூட்டுல வீக்கம் இருந்தாலும் கூடும். ரத்தப் புற்றுநோய் எப்பவாவதுதான். முன்னாடி டிபி மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?"

"இல்லைங்க" என்றேன்.

செல்வி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவளிடம் நான் கண்டதில்லை.

வராந்தாவில் உட்கார்ந்து, புற்றுநோயாக இருக்கக் கூடாது முருகா என்று அழுதேன். வேண்டுதல் நெஞ்சில் நிற்கவில்லை. இப்போதுதானே இந்த வாய் பொய் சொன்னது? கடைசியில், உண்மையைச் சொல்ல மட்டும் தைரியம் கொடு என்று கேட்டேன். எழுந்து உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா திட்டவில்லை. சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார். டிபிதான் திரும்பியிருந்தது. மருந்துக்குக் கட்டுப்படும் டிபி. செல்வியையும் பரிசோதித்தார்கள், அவளுக்குத் தொற்றவில்லை. நான் கேட்டதற்கு மேலேயே முருகன் கொடுத்தான். அன்றிலிருந்து ஒரு நாளும் மாத்திரையை விடவில்லை.

இந்த மார்கழியில் மாலை போட வந்தவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூம்பாறை ராசு தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் சாமி, நானும் சுகர் மாத்திரைய நிறுத்துனேன். காலுல புண்ணு ஆறாம கெடக்கு."

அவர் காலில் விழுந்தேன். அன்று யாருக்கும் மாலை போடவில்லை. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

உங்களில் யாராவது விரதம் என்று மருந்தை ஒதுக்கி வைத்திருந்தால், இன்றைக்கே டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். வெட்கமாக இருந்தால் முருகனிடம் தைரியம் கேளுங்கள். எனக்கே கொடுத்தானே.