மேன்ஹோல் ஓரத்தில் ஒரு பாராட்டு விழா

மந்தைவெளியில் அந்தத் தெருவைக் கட்டிக் காப்பவர் யார் என்று கேட்டால், கவுன்சிலர் தன் பெயரைச் சொல்வார். ஃப்ளாட்ஸ் சங்கச் செயலாளர் ஸ்ரீரங்கன் தன் பெயரைச் சொல்வார். இருவரும் மன்னிக்க வேண்டும். அது இஸ்திரி வண்டி தேவானை.

இருபத்திரண்டு வருடமாக அதே இடத்தில் வண்டி. அறுபத்து நான்கு வீட்டுத் துணி அவள் கையில். யாருக்கு வேலை போயிற்று என்பது, சட்டை வருவது நின்றதிலிருந்தே, அவர் மனைவிக்கு முன்னால் தேவானைக்குத் தெரிந்துவிடும். உளவுத்துறைகள் இவ்வளவு மலிவாக எங்கும் இயங்குவதில்லை.

அவள் குடியிருப்பது தெருவின் பள்ளத்துக் கோடியில், ஒரு சந்தில். நாலு தூறல் விழுந்தால் வாசல் மேன்ஹோல் பொங்கிச் சாக்கடை வீட்டுக்குள் வரும். ஊரார் துணி மூட்டைகளைக் கட்டிலில் ஏற்றிவிட்டு, அவள் விடியும்வரை உட்கார்ந்திருப்பாள். ஒரு மூட்டை நனைந்தாலும் பிழைப்பு போய்விடும். ஐப்பசிக்கு இன்னும் ஒரு மாதம்தான்.

சந்துக்காரர்கள் குடிநீர் வாரியத்தில் பதினோரு முறை புகார் கொடுத்தார்கள். பதினோரு முறையும் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று போனுக்குச் செய்தி வந்தது. சாக்கடையிடம் போன் இல்லாததால் அதற்கு விஷயம் தெரியவில்லை.

தேவானை ஸ்ரீரங்கனிடம் போனாள். தங்கள் கட்டடம் மேட்டில் இருக்கும் சிறப்பை அவர் விரிவாக எடுத்துரைத்தார். “நம்மாத்துப் பக்கம் ஒரு சொட்டு நிக்கறதில்லையேம்மா.”

“நிக்காது சார். ஆனா உங்க வேட்டி ராத்திரி என் ஊட்லதான் படுத்துக்கினு கீது.”

ஸ்ரீரங்கன் உடுத்தியிருந்த வேட்டியைக் குனிந்து பார்த்தார். அன்று மாலையே ஃப்ளாட்ஸ் வாட்ஸாப் குழுவில் சமத்துவம் பிறந்தது. இருபது வருடத்தில் முதல் தடவையாக மேடும் பள்ளமும் ஒன்றாகக் கூட்டம் போட்டன. மறியல் செய்யலாம் என்று சிலர் கொதித்தார்கள். தேவானை ஒப்பவில்லை. சபாக் கச்சேரிகளில் வித்வான்களுக்குப் போர்த்த ஸ்ரீரங்கன் வாங்கி அடுக்கியிருக்கும் சால்வைகளை மார்கழிதோறும் தேய்ப்பவள் அவள்.

“தீத்துட்டேன்னு பதினோரு தபா சொன்ன ஆளு. நாம ஒரு தபாவாச்சும் சால்வை போத்த வேணாமா?”

ஞாயிறு காலை, ‘புகார் தீர்த்த செம்மலே வருக’ என்ற பேனருக்குக் கீழே, புதுச்சட்டையில் வாரியப் பொறியாளர் வந்து இறங்கினார். நாற்காலி மேன்ஹோலை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. முந்தின நாள் தூறலின் தயவில் மேன்ஹோல் வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தது. மைக்கில் ஸ்ரீரங்கன் பதினோரு செய்திகளையும் தேதிவாரியாக, ராகம் போடாத குறையாக வாசித்தார். அறுபத்து நான்கு வீடும் மூக்கைப் பொத்திக்கொண்டதால் கைதட்ட ஆளில்லை.

சால்வை நெருங்கியதும் பொறியாளர் பின்வாங்கினார். கூச்சமாக இருக்கிறதாம்.

“கூச்சப்படாத நைனா,” என்றாள் தேவானை. “செஞ்சதுக்குத்தான போத்துறோம்.”

அவர் சால்வையைத் தொடவில்லை, போனை எடுத்தார். ஒரு மணி நேரத்தில் அடைப்பெடுக்கும் லாரி வந்தது. மூன்றாவது வாரம் பழைய குழாயைத் தோண்டியெடுத்து அகலமானதைப் பதித்தார்கள். சுருக்கம் பொறுக்காத தேவானை பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்து, ஒரு இணைப்பைப் பிரித்து மறுபடி பூசவைத்தாள். மேட்டு வீட்டுக்காரர்கள் முறைபோட்டு வேலையாட்களுக்கு டீ கொண்டுவந்தார்கள்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி முழுக்கக் கொட்டியது. காலை ஏழு மணிக்கு வண்டியடியில் ஆளில்லை. எட்டுக்கும் இல்லை. ஆபீஸ் சட்டைக்குக் காத்திருந்தவர்கள் கலங்கினார்கள். ஸ்ரீரங்கன் குடையோடு சந்துப் பக்கம் புறப்பட்டபோது, தேவானை எதிரே மூட்டையோடு வந்தாள்.

“என்னாச்சும்மா? ஜலம் உள்ள வந்துடுத்தா?”

“இல்ல சார். தூங்கிட்டேன்.”